‘லினக்ஸ்ல ஸ்கேன் ஆகாது சார்’

ஒரகடம் சந்திப்பில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைச் சிங்கப்பெருமாள் கோவில் சாலை வெட்டும் இடத்தில், டீ கிளாஸும் கையுமாக நிற்பவர்களிடம் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆள் மாறுவார், வாசகம் மாறாது. “லினக்ஸ்லாம் சர்வருக்கு ஓகே சார். ஆபீஸுக்கு ஆகாது. பிரிண்ட்கூட எப்படியாவது வந்துடும், ஸ்கேன் வராது. அப்படியே வந்தாலும் பி.டி.எஃப். ஒழுங்கா வராது, கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான்.”

சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லினக்ஸில் ஒரு தாளைக்கூட ஸ்கேன் செய்து பார்க்காதவர்கள். தமக்கு முன்னால் சொன்னவர் சொன்னதைச் சொல்கிறார்கள். அவருக்கும் முன்னால் சொன்னவர் 2006 வாக்கில் ஒருநாள் உட்கார்ந்து முயன்று தோற்றவராக இருக்கலாம். இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்து எரிச்சல், இன்றுவரை தொழில்நுட்ப ஆலோசனை என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

நான் வல்லம் வடகால் பக்கம் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு மெஷினிங் யூனிட்டில் டிஸ்பாட்ச் காகிதத்தையும் ஆடிட் காகிதத்தையும் பார்த்துக்கொள்கிறவன். கம்ப்யூட்டர் படித்தவனில்லை, டிப்ளமோ மெக்கானிக்கல். நான்கு வருஷமாக எங்கள் ஸ்கேன் முழுவதும் டெபியன் என்ற லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பில் நடக்கிறது. விண்டோஸில் ஸ்கேன் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை, நன்றாகவே ஆகும். லினக்ஸில் ஆகாது என்பதைத்தான் மறுக்கிறேன். ஸ்கேன் என்றால் என்ன என்றே யோசிக்காமல் இந்த விவாதம் நடக்கிறது என்பது என் இன்னொரு புகார்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருட்ட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், 2012-ல் டைம்லர். பெரிய கேட் ஒவ்வொன்றின் பின்னாலும் டயர்-1, டயர்-2 என்று வெண்டர்கள் வரிசை. அந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய ஆள் நாங்கள். எங்கள் பொருள் டெம்போவில் போகிறது, கூடவே டி.சி. (டெலிவரி சலான்) போகிறது. கஸ்டமர் கேட்டில் செக்யூரிட்டி ஊதா மையில் ஒரு சீல் குத்துவார். ஸ்டோர்ஸில் இருப்பவர் ஜி.ஆர்.என். (சரக்கு வரவுக் குறிப்பு) நம்பரைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுவார். டிரைவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வருவார். எங்கள் மேஜைக்கு வரும்போது அந்தத் தாளில் வியர்வை, கிரீஸ், சில சமயம் சாம்பார். கார்பன் காப்பியின் எழுத்து பாதி மங்கியிருக்கும். மூலையில் ஸ்டேப்ளர் பின்.

அந்தத் தாள்தான் பணம். மூன்று மாதம் கழித்து “200 பீஸ் ஷார்ட்” என்று டெபிட் நோட் வந்தால், எதிர்த்து நிற்க எங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஊதா சீல் குத்திய அந்தத் தாள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் கார்பன் மை நிற்காது. கரையானும் காத்திருக்காது.

எனவே ஸ்கேன். இதில் எங்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. முன்பு வைத்திருந்த ஸ்கேனரோடு ஒரு மென்பொருள் வந்தது, பெயர் வேண்டாம். அழகாக இருக்கும். ஸ்கேன் செய்த தாள்களைக் கட்டுக்கட்டாக மேஜைமேல் அடுக்கிய மாதிரி திரையில் காட்டும். ஆனால் சேமித்தது தன் சொந்த ஃபைல் வடிவத்தில். ஏற்றுமதி என்று ஒரு பொத்தான் உண்டு என்பதும் அதைத் தனியாக அழுத்த வேண்டும் என்பதும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் விண்டோஸ் படுத்தது. சர்வீஸ் பையன் வந்து புதிதாகப் போட்டான். ஹார்ட் டிஸ்க் பிழைத்தது, ஃபைல்கள் அத்தனையும் பிழைத்தன. திறக்கத்தான் ஆளில்லை. அந்த மென்பொருளின் சிடி உறையில் இருந்த சாவி எண் உறையோடு தொலைந்திருந்தது. இரண்டு வருஷ டி.சி. கண்ணுக்கு முன்னால் இருந்தும் கைக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில் வந்த டெபிட் நோட்டில் போன தொகையைச் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அன்று ஒன்று புரிந்தது. காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து உள்ளே கொண்டுவருவது பாதி வேலை. அதை யார் வேண்டுமானாலும், எந்த மெஷினில் வேண்டுமானாலும், ஐந்து வருஷம் கழித்தும் திறக்கும்படி வெளியே அனுப்புவது மீதிப் பாதி. மென்பொருளின் தமிழ் மெனுவில் இதற்கு ‘ஏற்றுமதி’ என்றே பெயர். எண்ணூர் துறைமுகத்துக்குக் கார் அனுப்பும் ஊரில் இந்த வார்த்தையை நாங்கள் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

சரி, முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: ஸ்கேனர் வராது.

இதற்கு ஒரு காலத்தில் பாதி உண்மை இருந்தது. 1990-களிலும் 2000-களின் முற்பாதியிலும் ஸ்கேனர் வாங்கினால் கூடவே ஒரு சிடி வரும். விண்டோஸ் பக்கம் ட்வெயின் என்ற ஏற்பாடு 1992-லேயே வந்துவிட்டது. அதில் ஸ்கேனர் கம்பெனி எழுதிய டிரைவரே தன் ஜன்னலையும் திறந்து பேசும். லினக்ஸ் பக்கம் சேன் என்ற திட்டம் 1996 வாக்கில் தொடங்கியது. அது வேறு மாதிரி யோசித்தது: மெஷினோடு பேசுகிற பகுதி தனி, மனிதரோடு பேசுகிற ஜன்னல் தனி. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இப்படிப் பிரித்ததால் ஸ்கேனர் ஸ்டோர்ஸில் ஒரு டெஸ்க்டாப்பில் மாட்டியிருக்க, ஆபீஸ் ரூமில் இருக்கிற இன்னொரு மெஷின் நெட்வொர்க் வழியாக அதை இயக்க முடியும். ஜன்னலே இல்லாமல் ஒரே ஒரு கட்டளை வரியிலும் ஸ்கேன் செய்ய முடியும்.

அந்தக் காலத்தில் தொல்லை எங்கே இருந்தது? ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, மெஷின் பேசும் பாஷையைக் கண்டுபிடித்து டிரைவர் எழுத வேண்டியிருந்தது. கம்பெனிகள் அந்தப் பாஷையைப் பெரும்பாலும் சொல்லவில்லை. எழுதாத மாடல் வேலை செய்யாது. நம் டீக்கடை வாசகம் பிறந்தது இங்கேதான். ஆனால் எழுதிய மாடல்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. கேனான் லைடு 20, லைடு 30 மாதிரியான பழைய மெல்லிய ஸ்கேனர்களுக்கு 64-பிட் விண்டோஸுக்கான டிரைவர் வரவே இல்லை. சேன் ஆதரிக்கும் மாடல்களின் பட்டியலில் அவை இன்றும் இருக்கின்றன. சிடியை நம்பிய ஸ்கேனர் சிடியோடு செத்தது. திறந்த நிரலை நம்பிய ஸ்கேனர் கண்ணாடி உடையும்வரை ஓடும்.

பிறகு கதையே மாறியது. மாற்றியது லினக்ஸ்காரர்கள்கூட இல்லை, போன்கள். போனில் டிரைவர் சிடி போட முடியாது. அதனால் 2010-ல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தது: பிரிண்டரே நெட்வொர்க்கில் தன்னை அறிவித்துக்கொள்ளும், டிரைவர் வேண்டாம். அதே வழியில் ஸ்கேனுக்கும் ஒரு பொதுப் பாஷை வந்தது. இ-எஸ்.சி.எல். என்பார்கள். ஒரு வெப் பக்கத்தைக் கேட்டு வாங்குவது போலக் கம்ப்யூட்டர் கேட்கும், ஸ்கேனர் படத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். கேனான், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து 2013-ல் அமைத்த மோப்ரியா கூட்டமைப்பும் அதைத் தூக்கிப் பிடித்தது. லினக்ஸ் பக்கம் சேன்-ஏர்ஸ்கேன் என்ற சின்ன நிரல் அந்தப் பாஷையைப் பேசுகிறது. யூ.எஸ்.பி. ஒயரில் மாட்டினாலும் அதே பாஷையைப் பேசவைக்க ஐ.பி.பி-யூ.எஸ்.பி. என்று இன்னொன்று. இவை இரண்டும் 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-லேயே சேர்ந்துவிட்டன. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஊர்க்காரர்கள் நாம். அந்த மாதிரிப் போன்கள் டிரைவர் சிடியை ஒழித்துக்கட்டிய சேதி மட்டும் இன்னும் ஒரகடம் டீக்கடைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் ஆபீஸில் மல்டிஃபங்ஷன் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, வைஃபை பாஸ்வேர்டு கொடுத்து, டெபியனில் ‘ஆவண ஸ்கேனர்’ என்ற ஐகானைத் திறந்தால் மெஷின் பெயர் அங்கே நின்றது. நான் செய்தது அவ்வளவுதான். கூட நின்ற சர்வீஸ் பையன், “ஏதோ லக்கு சார்” என்றான். அதிர்ஷ்டமில்லை தம்பி, வாங்கும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் ஒரு கேள்வி கேட்டேன். “அட்டைப்பெட்டியில ஏர்பிரிண்ட் முத்திரையோ மோப்ரியா முத்திரையோ இருக்கா?” கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். முத்திரை பிரிண்டுக்கானது என்றாலும், அது இருக்கிற மல்டிஃபங்ஷன் மெஷின்களில் ஸ்கேனும் பெரும்பாலும் அதே வழியில் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் சேன் பட்டியலில் மாடல் நம்பரைத் தேட இரண்டு நிமிஷம் போதும்.

எல்லா மெஷினும் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில மாடல்களுக்கு அந்தக் கம்பெனியே தரும் மூடிய பொட்டலத்தைத் தனியாகப் போட வேண்டும். வங்கிகளும் பெரிய ஆபீஸ்களும் வைத்திருக்கும் அதிவேக ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் கதவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கிவிட்டு வந்து லினக்ஸைத் திட்டுவது, டை அடித்து முடித்தபிறகு டிராயிங் கேட்பது போல. நம் ஷாப்பில் எவனாவது அப்படிச் செய்தால் என்ன சொல்வோம்?

இரண்டாவது குற்றச்சாட்டு, பி.டி.எஃப். ஒழுங்காக வராது என்பது. எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். ஏனென்றால் இந்தப் பகுதியில் லினக்ஸ் சமாளிக்கிறது என்றால் போதாது, மேலாகவே செய்கிறது.

கொஞ்சம் கணக்கு. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளி. மொத்தம் சுமார் 87 லட்சம். கலரில் புள்ளிக்கு மூன்று பைட், ஆக 26 எம்.பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பு–வெள்ளை மட்டும் என்றால் ஒரு எம்.பி. சொச்சம், ஃபேக்ஸுக்காக 1980-களில் உருவான ஜி4 அழுத்தம் கொடுத்தால் சாதாரண டி.சி. நூறு கே.பி.க்குள் அடங்கிவிடும், ஒரு புள்ளிகூடத் தொலையாமல். அப்படியானால் எல்லாவற்றையும் கறுப்பு–வெள்ளையில் போட்டுவிடலாமே? போட்டுப் பார்த்தோம். ஊதா சீல் காணாமல் போனது. வெளிர்சிவப்புக் கார்பன் காப்பியில் பின்னணி கறுத்து எழுத்தை விழுங்கியது. எது கறுப்பு, எது வெள்ளை என்று மெஷின் ஒரு கோடு போட்டு வெட்டுகிறது. சீல் அந்தக் கோட்டுக்குத் தப்பான பக்கம் விழுந்துவிட்டது. டி.சி.யில் பணம் இருப்பதே சீலில்தான். ஆகவே டி.சி. எப்போதும் கலரில், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் சாம்பலில், டைப் அடித்த பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கறுப்பு–வெள்ளையில். இந்த மூன்று முடிவையும் மூன்று சின்ன ஃபைலில் எழுதிவைத்து டெஸ்க்டாப்பில் மூன்று ஐகானாகப் போட்டாயிற்று. டிஸ்பாட்ச் பெண் ஐகானைத் தட்டுகிறாள். ‘குவாலிட்டி’, ‘மோடு’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஷாப் ஃபுளோரில் இதை ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்போம். அளவை ஆபரேட்டரின் மனசுக்கு விடமாட்டோம். ஆபீஸில் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

அழுத்தம் பற்றி இப்போது ஒரு வெளிநாட்டுக் கதை. எந்தக் கம்பெனியின் பெயரை நகலுக்கே பெயராக வைத்து ஊருக்கு நாலு கடை நடத்துகிறோமோ, அந்த ஜெராக்ஸின் ஆபீஸ் மெஷின்களில் 2013-ல் ஒரு கோளாறு வெளியே வந்தது. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் கண்டுபிடித்தார். ஒரு கட்டிட வரைபடத்தை ஸ்கேன் செய்தால், வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் என்றே வந்தன. கலங்கலோ மங்கலோ இல்லை; தெள்ளத்தெளிவாகத் தப்பான எண். 6 இருந்த இடத்தில் 8. காரணம் ஜேபிக்2 என்ற அழுத்த முறை. பக்கத்தில் ஒரேமாதிரி தெரியும் சின்னத் துண்டுகளைத் தேடி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். இடம் மிச்சம். ஆனால் மங்கலான 6-ம் 8-ம் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். கம்பெனி பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆவணக் காப்புக்கு இந்த முறை கூடாது என்று 2015-ல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அரசு அமைப்புகள் சொல்லிவிட்டன.

எங்கள் மேஜையில் இதை வைத்துப் பாருங்கள். ஸ்டீல் வாங்கினால் மில் டெஸ்ட் சர்டிபிகேட் வரும்: ஹீட் நம்பர், கார்பன் 0.16, மாங்கனீஸ் இவ்வளவு என்று. பொடி எழுத்து, இரண்டாம் தலைமுறை ஜெராக்ஸ். அதில் 0.16 என்பது 0.18 ஆகிவிட்டால் பார்க்கிற எவனுக்கும் சந்தேகம் வராது. ஹீட் நம்பரில் ஓர் இலக்கம் மாறினால் அந்தப் பார்ட்டின் ஜாதகமே வேறு.

திறந்த நிரல் தப்பே செய்யாது என்று இதிலிருந்து நான் சொல்ல வரவில்லை. அதே அழுத்த முறைக்குத் திறந்த நிரலும் உண்டு, அதே தப்பை அதுவும் செய்யும். வித்தியாசம், எந்த அழுத்தம் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். நான் எழுதிய வரியில் இருக்கிறது. மாற்றினால் நான்தான் மாற்றினேன். மெஷினின் உள்மெனுவில் ‘நார்மல்’ என்ற பெயரில் யாரோ முடிவெடுத்து வைத்திருப்பதை நம்புவது, கேலிபரேஷன் ஸ்டிக்கர் இல்லாத வெர்னியரை நம்புவது போல; அதை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

கஸ்டமர் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பி.டி.எஃப். 2008-லிருந்து ஐ.எஸ்.ஓ. தரம். நெடுநாள் காப்புக்கான பி.டி.எஃப்/ஏ அதற்கும் முன்னால், 2005-ல். சப்ளையர் போர்ட்டல் ஃபைல் எத்தனை எம்.பி. என்று கேட்கும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பிறந்தாய் என்று கேட்காது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, ஏழாவது பிரிவு, மின்னணுவில் ஆவணம் வைப்பதற்குக் கேட்பதும் அதுதான்: பின்னால் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும், மூலத்தைச் சரியாகக் காட்ட வேண்டும், எப்போது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில், மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது வைக்க வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பு எழுதும் இடமே இருக்கிறது. ஷா256 அதில் அச்சிட்ட வகைகளில் ஒன்று. ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். லினக்ஸில் அதை எடுக்கும் கட்டளை முதல்நாளே உள்ளே இருக்கிறது. எங்கள் மெஷினில் ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய ஃபைல்களின் கைரேகை ஒரு பட்டியலில் ஏறிவிடும். இதற்காக யாரும் எங்களிடம் கொட்டேஷன் போடவில்லை.

பெயர் வைக்கும் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றுமதியில் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. ‘ஸ்கேன்0047’ என்று ஆயிரம் ஃபைல் வைத்திருப்பதும் அட்டைப்பெட்டியில் போட்டுவைப்பதும் ஒன்றுதான். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்த இன்வாய்ஸில் ஒரு க்யூ.ஆர். கட்டம் இருக்கும். அதற்குள் விற்றவர் ஜி.எஸ்.டி. எண், வாங்கியவர் எண், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை எல்லாம் புள்ளியால் பிரித்த மூன்று துண்டாக அடைந்து கிடக்கும்; நடுத்துண்டை அவிழ்த்தால் விவரம் வரும். ஸெட்பார் என்ற இலவச நிரல் ஸ்கேன் செய்த படத்திலிருந்து அந்தக் கட்டத்தைப் படிக்கும். சீல் குத்தித் திரும்பிவந்த இன்வாய்ஸ் காப்பிகளை ஃபீடரில் வைத்தால், ஒவ்வொன்றும் தன் இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையுமே பெயராக வைத்துக்கொண்டு கஸ்டமர்வாரியான ஃபோல்டரில் போய் உட்காரும். டி.சி.களுக்கு நாங்களே எண்ணைக் க்யூ.ஆர். ஆக அச்சிட ஆரம்பித்தோம். செக்யூரிட்டி சரியாகக் க்யூ.ஆர். மேலேயே சீல் குத்திவிடுவதும் உண்டு. அந்தத் தாள்கள் ‘கையால் பார்’ என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். கட்டத்தைச் சுற்றி “இங்கே சீல் வேண்டாம்” என்று அச்சிட்டுப் பார்த்தோம். அதன்மேல் குத்தினார்கள்.

டெசராக்ட் எழுத்துணரியையும் விட்டுவிடக் கூடாது. 1985 முதல் 1994 வரை எச்.பி. உருவாக்கி, 2005-ல் திறந்துவிட்டு, 2006 முதல் கூகுள் வளர்த்தது. தமிழும் படிக்கும். அச்சடித்த பி.ஓ.வில், டெஸ்ட் சர்டிபிகேட்டில் படத்துக்குப் பின்னால் எழுத்தைப் பதித்துவிடும், பிறகு ஹீட் நம்பரைத் தட்டித் தேடலாம். தொழிலாளர் துறையிலிருந்து வரும் தமிழ்க் கடிதத்தையும் ஓரளவு தேடலாம். ஸ்டோர்ஸ் கையெழுத்தைப் படிக்காது. அதை எழுதியவரே மறுநாள் படிக்க மாட்டார்.

போனில் ஆப் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பது புதிய தலைமுறையின் வாதம். டிரைவர் கேட்டிலேயே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறார், வேலை முடிந்தது. அவசரத்துக்குச் சரி, நானும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸப் படத்தைப் பொதுவாக நசுக்கித்தான் அனுப்பும். கார்பன் எழுத்து முதலில் சாகும். அடுத்து, அந்த ஆவணம் யாருடைய போனில் இருக்கிறது? டிரைவர் வேலையை விட்டுப் போனால்? நாடே நம்பிய கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கு நிரல் இருந்ததை 2019-ல் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. அடுத்த வருஷம் ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு தடைசெய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. கஸ்டமர் டிராயிங்கை ரகசியம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து, அதே டிராயிங்கை முன்பின் தெரியாத ஒரு கிளவுடுக்கு ஏற்றிவிட்டு, லினக்ஸ் பாதுகாப்பா என்று என்னைக் கேட்கிறார்கள்.

கடைசியாக, “பிரச்சினை வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?” நியாயமான கேள்வி. ஆனால் விண்டோஸில் பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? அமெரிக்காவையா? படப்பையிலிருந்து பைக்கில் வரும் அதே பையனைத்தான். அவனுக்கு லினக்ஸ் தெரியாது என்பது லினக்ஸின் குறையில்லை, தெரிந்துகொள்ள நாம் அவனுக்குக் காரணம் கொடுக்கவில்லை. இந்த மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. சூசே லினக்ஸைத் தன் அலுவலகத்துக்கே கொண்டுவந்தது தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில். பாஸ் லினக்ஸை 2007-ல் வெளியிட்டது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த மெஷினில் விண்டோஸோடு பாஸும் இருந்தது, எங்கள் சி.என்.சி. ஆபரேட்டர்களில் பலர் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா வைத்தவர்கள்தான். காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. என் முதல் சந்தேகத்துக்குப் பதில் சொன்னது அங்கே பழக்கமான ஒரு காலேஜ் பையன். காசு வாங்கவில்லை; டீ குடித்தான்.

சிக்கல் இருக்கும் இடங்களையும் மறைக்க மாட்டேன். டேலி கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அக்கவுண்ட்ஸ் மேஜையில் விண்டோஸ் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லினக்ஸில் போர்ட்டலோடு பேசவைப்பதற்குள் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் அதையும் அக்கவுண்ட்ஸ் மெஷினுக்கே கொடுத்துவிட்டேன். ஆபீஸ் முழுக்க ஒரே மதத்துக்கு மாற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் மேஜையை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், நல்ல நிலையில் ஓடுகிற டெஸ்க்டாப்களைப் புதிய விண்டோஸ் ஏற்காது என்பதால் மாற்றச் சொல்லிப் பல யூனிட்டுகளில் கொட்டேஷன் வந்தது. எங்கள் ஸ்கேன் மேஜையில் இருப்பது அதற்கு முன்பே அதேபோலக் கழித்துக்கட்டப்பட்ட மெஷின்தான்.

போன மாதம் பக்கத்து யூனிட் பர்ச்சேஸ் மேனேஜர், டீக்கடையில் அந்த வாசகத்தை என்னிடமே பலமுறை சொன்னவர், ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். கஸ்டமரோடு அவருக்குத் தகராறு. பதினான்கு மாத டி.சி. வேண்டும், மறுநாள் காலை பத்து மணிக்குள். நான் ஒன்றும் பேசவில்லை. கட்டைப் பிரித்து ஃபீடரில் வைத்து ஐகானைத் தட்டினேன். பத்துத் தாள் போயிருக்கும். கிறீச் என்று சத்தம் வந்து மெஷின் நின்றது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “நான்தான் சொன்னேனே சார், லினக்ஸ்ல...”

மூடியைத் திறந்து உருளைக்கு நடுவில் விரலை விட்டேன். ஸ்டேப்ளர் பின். அவருடைய டி.சி.தான். மூட்டையை அவர் பக்கம் தள்ளி, பின் எடுக்கும் கருவியையும் கையில் கொடுத்தேன். இரவு எட்டரை வரை உட்கார்ந்து அவரே ஒவ்வொன்றாக எடுத்தார்.